பிர் ஊருக்குக் குடிபோகிறோம். கோட்டையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

வாய்க்கால்மேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக அயர்லாந்தில், டப்ளினில் இருக்கிறோம். போன மாதம் மனைவிக்கு ஆஃபலி கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி), பிர் ஊருக்குப் பக்கத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை, ஆனால் வாரத்தில் ஒரு நாள் டப்ளின் ஆபீசில் முகத்தைக் காட்டியாக வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து.

ஊரைப் பற்றி இணையத்தில் தேடினால் கோட்டை, தொலைநோக்கி, திரும்பவும் கோட்டை. மக்கள்தொகை ஐந்தாயிரத்துக்கும் குறைவு என்று பார்த்ததும் மனைவிக்குக் கொஞ்சம் கலக்கம், அவள் திருச்சி டவுனிலேயே வளர்ந்தவள். எங்களிடம் ஒரே கார், அதை அவள் ஷிஃப்டுக்கு எடுத்துப் போய்விடுவாள். மேப்பில் ரயில் நிலையம் தேடினேன், காணோம். எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா? நூலகம், நீச்சல்குளம், ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி? பாரம்பரிய நகரம் என்று போர்டு வைத்திருக்கிறார்களாமே, அந்தப் பழமை நிஜமாகவே பார்க்கிற மாதிரி இருக்கிறதா, இல்லை டூரிஸ்டுக்காகப் போட்டதா?

மழைக்கோட்டு எழுதியது:

ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன், அதனால் நானே தொடங்குகிறேன். முதலில் பெயர். எழுதுவதைப் பார்த்து 'பிர்' என்கிறோம், இங்கே யாரிடமாவது அப்படிச் சொன்னால் ஒரு நொடி முழிப்பார்கள், அவர்கள் வாயில் அது 'பர்'. ஐரிஷில் பியோரா, தண்ணீர் நிறைந்த இடம் என்று பொருள். காம்கோர் என்ற ஆறு ஊரை ஒட்டி ஓடி, கோட்டைத் தோட்டத்துக்குள்ளே லிட்டில் பிராஸ்னா ஆற்றில் சேர்கிறது, அது போய் ஷானன் என்ற பெரிய ஆற்றில் விழுகிறது. வானத்திலிருந்து வருகிற தண்ணீர்க் கணக்கு தனி.

ரயில் நிலையம் ஒளிந்திருக்கவில்லை சார், ஒழிந்துவிட்டது. அதிலும் ஒரு பாதை களவு போனது! சும்மா சொல்லவில்லை. 1868ல் இங்கிருந்து ஷானன் கரையில் போர்ட்டம்னா பாலம் வரைக்கும் 12 மைலுக்கு ஒரு ரயில் பாதை போட்டார்கள். பாதை போர்ட்டம்னா ஊருக்குள் போகவே இல்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது, அப்புறம் யார் ஏறுவார்கள்? பத்து வருடம் நஷ்டத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு 1878ல் கைவிட்டார்கள். கடன் கொடுத்த அரசாங்கம் கொஞ்ச காலம் காவல் போட்டது. காவல் போனதும் சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் தண்டவாளம், கட்டை, அந்தக் கோடியில் இருந்த ஸ்டேஷன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 'திருடுபோன ரயில்' என்றுதான் இன்றைக்கும் பேர். ராஸ்க்ரே பக்கம் போகிற இன்னொரு பாதை 1858ல் வந்தது, அதை யாரும் திருடவில்லை, 1960களின் தொடக்கத்தில் முறைப்படியே மூடினார்கள்.

இப்போது உங்கள் டப்ளின் நாளுக்கு இரண்டு வழி. டல்லமோர் வழியாகப் போகிற தனியார் பஸ் இருக்கிறது. இல்லையென்றால் டல்லமோர் வரை காரில் போய் (முக்கால் மணிக்குள் போய்விடலாம்) கால்வே–டப்ளின் ரயிலைப் பிடிக்க வேண்டும். ராஸ்க்ரே ஸ்டேஷன் கிட்டத்தில்தான், ஆனால் அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு இரண்டு ரயில்தான், அதை நம்பி ஆபீஸ் போக முடியாது. ஆக, இரண்டாவது கார் வாங்காமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள் என்று பார்ப்போம். நாங்கள் நாலு மாதம் தாங்கினோம்.

நூலகம் அருமை. பழைய மெர்சி கன்னியர் மடத்துக் கட்டடம், வரைந்தவர் பியூஜின், லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உள்வேலைப்பாடு செய்த அதே ஆள். என் பையன் அங்கே டைனோசர் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு தரையில் கிடப்பான், தலைக்கு மேலே கூர்வளைவு ஜன்னல். நீச்சல்குளத்தோடு லீஷர் சென்டர் இருக்கிறது, சூப்பர்மார்க்கெட்டுக்குக் குறைச்சல் இல்லை, சிறுசாக ஆனால் உருப்படியாக ஒரு தியேட்டர் (சினிமா இல்லை, நாடகம்) உண்டு. அவசர சிகிச்சை என்றால் டல்லமோர் அல்லது பாலினஸ்லோ. நம்ம மளிகை நான் டப்ளின் போகும்போது மூட்டையாக வாங்கி வந்துவிடுவேன், இட்லி அரிசிக்காக யாரும் ஊரை மாற்றுவதில்லை.

தூண்டில்முள் எழுதியது:

பழமை நிஜமா என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் நான். எனக்கு இந்த ஊரில் வீடு இல்லை, ஆனால் வருடத்துக்கு மூன்று தடவையாவது வந்து நடந்துவிட்டுப் போகிறவன்.

இங்கே இருக்கிற பழசு இரண்டு விதம். கண்ணுக்குத் தெரிகிற ஜார்ஜியன் (18ம் நூற்றாண்டுப் பாணி) தெரு, கண்ணுக்குத் தெரியாத ஆதி ஊர். ஆறாம் நூற்றாண்டில் பிரெண்டன் என்ற துறவி இங்கே மடம் வைத்திருந்தார். கடலில் போன பிரெண்டன் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். 697ல் இதே பிர்ரில் ஒரு பேரவை கூடி, போர் நடக்கும்போது பெண்களையும் குழந்தைகளையும் துறவிகளையும் தொடக்கூடாது, தொட்டால் இன்ன தண்டம் என்று சட்டம் போட்டது. கொண்டுவந்தவர் அயோனா தீவின் மடாதிபதி அடோம்னான், உறுதிக்குக் கையெழுத்து மாதிரி 91 பேரின் பெயர் அதில் இருக்கிறது, மன்னர்களும் ஆயர்களும். ஜெனிவா ஒப்பந்தத்துக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வருடம் முன்னால்! அப்புறம் 800 வாக்கில் இந்த மடத்துத் தலைவர் மெக் ரெகோல் ஒரு நற்செய்தி நூலைத் தங்க மஞ்சளும் சிவப்புமாக எழுதி வைத்தார், மூலம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில். மடத்தில் இன்று மிச்சம் பார்க்க ஒன்றுமில்லை, சர்ச் தெருவில் ஒரு பாழ்ச் சுவரும் கல்லறைகளும்தான், அதுவும் பிற்காலத்தது.

இப்போது நிற்கிற ஊர், சந்தைக்காகப் போட்ட ஊர். 1620ல் லாரன்ஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு இந்த நிலம் கொடுக்கப்பட்டது, சந்தை கூட்டுகிற உரிமையும் வாங்கிக்கொண்டார். அவர் போட்ட ஊர்க்கட்டளைகள் படிக்கச் சுவாரசியமானவை: தெருவில் குப்பை சாணி கொட்டினால் நாலு பென்ஸ் அபராதம், அவரவர் வாசலுக்கு அவரவரே கல் பாவ வேண்டும், கல்யாணமாகாத பெண் பீர் விற்றால் மூன்று சந்தை நாள் தொழுமரத்தில் மாட்டி வைப்பார்கள். முதல் இரண்டையும் இன்றைக்கும் அமல்படுத்தலாம் என்பேன். அப்புறம் ஊர்ப் பெயரே பார்சன்ஸ்டவுன் ஆனது, 19ம் நூற்றாண்டு வரைபடங்களில் அப்படித்தான் இருக்கும்.

நடக்க வேண்டிய வழி சொல்கிறேன். எம்மெட் சதுக்கத்தில் ஆரம்பியுங்கள். நடுவில் உயரமாக ஒரு கல்தூண், உச்சியில் ஒன்றுமே இல்லை. 1747ல் கம்பர்லண்ட் பிரபுவுக்காக நட்டது, அதாவது அதற்கு முந்தின வருடம் ஸ்காட்லாந்தில் கல்லோடன் போரில் ஹைலேண்டர்களை நசுக்கிய அதே ஆள். சிலை விழுந்துவிடும் போலிருக்கிறது என்று 1915ல் இறக்கினார்கள், திரும்ப ஏற்றவே இல்லை. பிரிட்டிஷாருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து 1803ல் தூக்கிலேறிய ராபர்ட் எம்மெட் பெயரில் ஒரு சதுக்கம், அதன் நடுவில் பிரிட்டிஷ் இளவரசருக்கான தூண், மேலே ஆளில்லை. இந்த நாட்டின் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அதே சதுக்கத்தில் டூலிஸ் ஹோட்டல், அதுவும் 1747 காலத்தது. கால்வே வேட்டைக் குழுவினர் ஒரு ராத்திரி குடித்துக் கும்மாளம் போட்டு அதைக் கொளுத்திவிட்டதால்தான் அவர்களுக்கு 'கால்வே பிளேஸர்ஸ்' (தீ வைத்தவர்கள் என்ற மாதிரி) என்ற பெயர் வந்தது என்பார்கள்.

அங்கிருந்து ஜான்ஸ் மால் (ஷாப்பிங் மால் இல்லை, தெருவின் பெயர்). கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு சின்ன மண்டபம், பக்கத்தில் கிரிமியப் போரில் பிடித்த ரஷ்யப் பீரங்கி, மூன்றாம் ராஸ் பிரபுவின் (அதே பார்சன்ஸ் வம்சம், கோட்டைத் தொலைநோக்கியைக் கட்டியவர்) சிலை, அப்புறம் குழி குழியாக ஒரு சுண்ணாம்புப் பாறை. அதைத் தவறவிடாதீர்கள். அயர்லாந்தின் தொப்புள் என்று பழைய நூல்களில் சொன்னது இதுதானாம். அந்தக் குழிகள் ஃபின் மெக்கூல் என்ற வீரனின் விரல் பதிந்தவை என்பது ஊர்க்கதை. கல் நூற்றைம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக கிளேர் கவுண்டியில் போய் இருந்துவிட்டு 1974ல் திரும்பி வந்தது. இந்த ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போனது ரயிலை மட்டும், இவர்களிடமிருந்து போனது நாட்டின் தொப்புள்.

கடைசியாக ஆக்ஸ்மன்டவுன் மால், மரங்களும் விசிறி ஜன்னல் வைத்த கதவுகளுமாக ஒரு தெரு, ஒரு முனையில் தேவாலயம், மறுமுனையில் கோட்டை வாசல். தேவாலயத்துக்கு அருகே திரும்புகிற வளைவில் 1869 ஆகஸ்ட் 31 அன்று மேரி வார்ட் என்ற அம்மாள் நீராவி வண்டியிலிருந்து தவறி விழுந்து, சக்கரம் ஏறி இறந்தார். இயந்திர வண்டியால் இறந்ததாகப் பதிவான முதல் ஆள் என்று உலகம் முழுக்க அவரைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம். அவர் நுண்ணோக்கியில் பூச்சிகளையும் செதில்களையும் பார்த்துத் தானே வரைந்து புத்தகம் எழுதியவர், பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலத்தில். விபத்தை மட்டும் எல்லோருக்கும் தெரியும். வண்டி அவருடைய உறவினர்களான கோட்டைப் பையன்கள் செய்தது, அன்றைக்கு அதில் இருந்த பையன்களில் ஒருவர் சார்லஸ் பார்சன்ஸ், வயது 15. பிற்பாடு 1884ல் நீராவி டர்பைன் செய்தவர் இவர்தான்.

எட்டாவதுகோள் எழுதியது:

கோட்டையைத் தவிர என்று தலைப்பில் போட்டுவிட்டீர்கள், இருந்தாலும் தொலைநோக்கியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

72 அங்குலக் கண்ணாடி என்று படித்திருப்பீர்கள். கண்ணாடியே இல்லை அது, செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகத் தட்டு, எடை கிட்டத்தட்ட மூன்று டன். வார்த்த இடம் தொழிற்சாலை அல்ல, கோட்டை வளாகம். உருக்கிய எரிபொருள் டர்ஃப், சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைக்கிற அதே மண்கரி. வேலை செய்தவர்கள் உள்ளூர் ஆட்கள், மூன்றாம் ராஸ் பிரபு பயிற்றுவித்தவர்கள். வார்த்தது சூட்டோடு சூடாக ஆறினால் வெடித்துவிடும், அதனால் அடுப்பிலேயே வாரக்கணக்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட்டார்கள், அப்படியும் சில உடைந்தன. உலோகம் என்பதால் ஈரக்காற்றில் மங்கிப்போகும், எனவே இரண்டு செய்து ஒன்று குழாயில் இருக்கும்போது மற்றதை மெருகேற்றுவது வழக்கம். 1845ல் திறந்தபோது ஒரு பாதிரியார் விரித்த குடையோடு குழாய்க்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து காட்டினார், அவ்வளவு அகலம்.

அதே வருடம் ஏப்ரலில் எம்51 என்ற மங்கலான ஒளித்திட்டைப் பார்த்த பிரபு, அது சுருள் சுருளாக இருப்பதை வரைந்துவைத்தார். அதற்கு முன்னால் யாரும் சுருளைக் கண்டதில்லை. அது நம்முடையதைப் போல இன்னொரு நட்சத்திரக் கூட்டம் என்று உறுதியாகத் தெரிய 1920கள் ஆகிவிட்டது. 1917ல் கலிஃபோர்னியாவில் 100 அங்குலத் தொலைநோக்கி வரும்வரை உலகத்திலேயே பெரியது இந்தச் சதுப்பு நாட்டில்தான் இருந்தது. வருடத்தில் பாதி நாள் மேகம் மூடுகிற இடத்தில் போய் இதைக் கட்டியிருக்கிறாரே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். கட்டின சூட்டிலேயே பஞ்சமும் வந்தது, பார்வை வேலை நின்றுபோய், பிரபுவும் மனைவி மேரியும் ஊர் ஆட்களைத் தோட்ட வேலையிலும் அகழி வெட்டுவதிலும் வைத்துக் கூலி கொடுத்தார்கள்.

தொலைநோக்கிக்கு ஆன செலவில் பெரும்பகுதி அந்த மேரி ராஸ் கொண்டுவந்த சொத்து. அவர் ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர், இருட்டறை அவர் விட்ட மாதிரியே நூறு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது.

1990களில் குழாயைப் பழுது பார்த்து நிமிர்த்தினார்கள். 2017லிருந்து பக்கத்துப் புல்வெளியில் ஐரோப்பிய ரேடியோ தொலைநோக்கி வலையின் அயர்லாந்து நிலையமும் இருக்கிறது. கறுப்புப் பெட்டிகள் வரிசையாகத் தரையில், பார்த்தால் காய்கறிப் பாத்தியைத் தார்ப்பாயால் மூடினது போலத்தான் தெரியும்.

கத்தரிக்காய்க்கூட்டு எழுதியது:

எல்லோரும் கல்யாணப் பெண்ணைப் பார்த்த மாதிரி எழுதுகிறீர்கள், யாராவது ஒருவர் கொஞ்சம் கசப்பையும் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன் நான்.

நவம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும். மெயின் தெருவில் மூடிக்கிடக்கிற கடைகளை எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம், பைபாஸ் இல்லாததால் லாரிகள் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும், என்52, என்62 நெடுஞ்சாலைகள் ஊருக்குள்ளேதான் சந்திக்கின்றன. வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தால் உடனே பிடித்துக்கொள்ளுங்கள். குடும்ப டாக்டரிடம் பெயர் பதிய எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது, இரண்டு கிளினிக்கில் பட்டியல் நிரம்பிவிட்டது என்று கைவிரித்தார்கள். அதனால் வேலை உறுதியானதுமே, சாமான் கட்டுவதற்கு முன்னாலேயே, டாக்டரையும் பள்ளியையும் போனில் பிடியுங்கள்.

வேலைவாய்ப்பும் ஒரு மாதிரி. இந்தப் பகுதி முழுக்க டர்ஃபை நம்பி வாழ்ந்தது. ஷானன்பிரிட்ஜ் மின்நிலையம் 2020 கடைசியில் மூடப்பட்டதும் பல குடும்பத்துக்கு அது பெரிய அடி. உங்கள் மனைவிக்கு நர்ஸ் வேலை, உங்களுக்கு மடிக்கணினி, ஆகவே உங்களைத் தொடாது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் 'டர்ஃப் எரிப்பது சுற்றுச்சூழலுக்குக் கேடு' என்று முதல் வாரமே பேசிவிடாதீர்கள்.

தூண்டில்முள்ளுக்கு ஒரு சின்ன திருத்தம். பார்சன்ஸ் வந்து வெறும் நிலத்தில் கோட்டை கட்டவில்லை, அதற்கு முன் இது ஓ'கேரல் குலத்தாருடைய இடம், அவர்களுக்கும் இங்கே கோட்டை இருந்தது. பிடுங்கித்தான் கொடுத்தார்கள். ஊரில் அதை மறந்தவர்கள் குறைவு.

மழைக்கோட்டு எழுதியது:

கத்தரிக்காய் அண்ணா சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை, லாரி சத்தம் உட்பட. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார், ஹர்லிங், மட்டையும் பந்துமாக ஆடுகிற ஐரிஷ் விளையாட்டு! ஐந்து வயதுப் பையன் இருக்கிறான் என்கிறீர்கள், அவன் வந்து இரண்டே வாரத்தில் கையில் மட்டையோடு நிற்பான். அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப் போட்டி முதன்முதலாக நடந்ததே இந்த ஊரில்தான், 1888 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. டிப்பரரி கவுண்டிக்காக தர்ல்ஸ் கிளப், கால்வே கவுண்டிக்காக மீலிக் கிளப், அணிக்கு 21 பேர், தர்ல்ஸ் ஜெயித்தது. உள்ளூர் கிளப் 1995, 1998, 2002, 2003 என்று நாலு முறை அகில அயர்லாந்து கிளப் கோப்பை எடுத்திருக்கிறது, ஐந்தாயிரம் பேர்கூட இல்லாத ஊரிலிருந்து. அவர்களில் பிரையன் வீலஹன் ஆயிரமாண்டின் சிறந்த பதினைந்து பேர் அணியிலேயே இருக்கிறார். எங்களுக்கு ஊரில் ஆட்களைத் தெரிய வந்ததே சனிக்கிழமைக் காலையில் அந்த மைதானத்து வேலியோரம் குளிரில் நின்றதால்தான். நான் டீ ஃபிளாஸ்க் கொண்டுபோவேன், இஞ்சி போட்ட டீ, இப்போது மூன்று அப்பாக்கள் கப்போடு வருகிறார்கள்.

பெரியவளுக்கு ஆகஸ்டில் வின்டேஜ் வாரம், 1968லிருந்து நடக்கிறது, பழைய உடுப்பு போட்டுக்கொண்டு ஊரே தெருவில். கோட்டைத் தோட்டத்துக்கு வருடச் சந்தா எடுத்துவிடுங்கள், 120 ஏக்கர், பிள்ளைகளுக்கு மரவீடு இருக்கிறது. வாரம் ஒரு தடவை போனால் டிக்கெட் காசு மிச்சம்.

கிரின்கில் பக்கம் வீடு கிடைத்தாலும் யோசிக்காமல் எடுங்கள், ஊரிலிருந்து நடக்கிற தூரம்தான். பிரிட்டிஷ் ராணுவத்து லெய்ன்ஸ்டர் ரெஜிமென்டின் பெரிய பாசறை அங்கே இருந்தது. அந்தப் படைப்பிரிவின் ஒரு பாதி முன்பு பம்பாய்க் காலாட்படை, கம்பெனிக் காலத்து ஆட்கள், 1881ல் இங்கே கொண்டுவந்து இணைத்தார்கள். 1922 ஜூலையில் உள்நாட்டுப் போரில் பாசறையைக் கொளுத்திவிட்டார்கள், மதில் மிச்சமிருக்கிறது.

வாய்க்கால்மேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் போய்வந்தோம், தூண்டில்முள் சொன்ன வழியிலேயே நடந்தோம்.

தூண் உண்மையிலேயே மொட்டை. சின்னவன் 'மேலே இருந்தவர் எங்கேப்பா' என்றான், இறக்கிவிட்டார்கள் என்றேன், 'ஏன், அவர் தப்பு செய்தாரா' என்று கேட்டுவிட்டான், ஐந்து வயசுக்கு எப்படிப் பதில் சொல்வது. ஜான்ஸ் மாலில் அந்தக் கல்லின் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது, பெரியவள் ஒவ்வொன்றிலும் விரலை விட்டு அளந்துகொண்டே இருந்தாள், மனைவி மட்டும் கைக்குட்டையோடு காத்திருந்தாள். தோட்டத்தில் எனக்குப் பிடித்தது தொலைநோக்கி இல்லை, பாக்ஸ் செடி வேலி. முந்நூறு வருடத்துக்கு மேல் வயதாம், முப்பது அடிக்கு மேல் இரண்டு பச்சைச் சுவர், நடுவில் இருட்டாக ஒரு சந்து, உள்ளே போனால் ஈர இலை வாசனை, வெளியே பேசுவது கேட்காது. அங்கே நின்றுதான் மனைவி 'சரி, வந்துவிடலாம்' என்றாள்.

நூலகம் ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது, ஜன்னலை மட்டும் பார்த்தோம். டாக்டருக்கு திங்கட்கிழமையே போன் போட்டேன், ஒரு கிளினிக்கில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டார்கள். வீடு இன்னும் அமையவில்லை. கிரின்கிலில் ஒன்று பார்த்தோம், டர்ஃப் அடுப்பு வைத்த வீடு. மழைக்கோட்டு, ஒரு கேள்வி: அந்த அடுப்பைப் பற்றவைத்துப் பழக எத்தனை நாள் ஆகும்?

மழைக்கோட்டு எழுதியது:

ஒரு குளிர்காலம் முழுசாக ஆகும். வீட்டை விட்டுவிடாதீர்கள், பற்றவைக்க நான் வருகிறேன். முதல் நாள் ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை மணி கத்தும்.